இருபத்தெட்டு நாள் சாமி

அக்டோபர் 27

இன்று ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே இல்லையென்று சாதிப்பேன். பம்பு செட் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவன் நான். அளந்ததை அன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்பது அங்கே ஒட்டிக்கொண்ட புத்தி.

ஆறுக்குட்டிக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு பத்தொன்பது நாள். வலது கை, வலது கால், பாதி வாய் எல்லாம் போய்விட்டது. அதே கம்பெனியில் அவன் லேத்தில் கடைந்து அனுப்புவான். நான் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து ரிஜெக்ட் போடுவேன். அவன் என் மேஜைக்கே வந்து கத்துவான். மதியம் இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் கை வைப்போம். இப்படியே இரண்டு பேரும் ரிட்டையர் ஆகிவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி கற்றுத் தருகிற பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டது. "சார், பத்து நாளா ஒரு பயிற்சிகூடச் செய்ய மாட்டேங்கறாருங்க. இப்பிடியே விட்டா கை விறைச்சு நின்னுரும். நீங்க சொன்னாக் கேப்பாருன்னு அவரு வீட்டம்மா சொல்றாங்க."

அவன் எவன் சொல்லி எப்போது கேட்டான்? போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து திட்டினேன். அவன் கூரையையே பார்த்துக்கொண்டு, "பதி...னெட்டு" என்றான்.

புரிந்தது. பதினேழு வருஷம் சபரிமலைக்குப் போயிருக்கிறான். இது பதினெட்டாவது. பதினெட்டு முடித்தவன் குருசாமி ஆகிவிடுவானாம். அவர்களுக்கு அது ஒரு பெரிய பட்டம்.

"அதுக்கென்னடா இப்ப? கையைத் தூக்கு, அடுத்த வருசம் போலாம்."

"நீ... போ. எனக்காவ."

நான் யார்? சிந்தனையாளர் மன்றத்தின் செயலாளர். என் அப்பா கறுப்புச்சட்டைக்காரர். எனக்கு வைத்த பெயரே இரணியன். கடவுள் இல்லை, ஆவி இல்லை, பொருள்தான் முதல், மனசு அதிலிருந்து வந்தது என்று மாதாமாதம் மேடையில் பேசுகிறவன். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறான், கடங்காரன்.

முடியாது என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். கையும் அசையவில்லை, காலும் அசையவில்லை. அந்தப் பெண் என்னையே பார்த்தது.

"சரிடா, போய்த் தொலையறேன். ஆனா நான் மாலை போட்டிருக்கற ஒவ்வொரு நாளும் நீ கையைத் தூக்கோணும். ஒரு நாள் தூக்கலேன்னாலும் கழட்டி வீசிருவேன்" என்றேன். இடது கையை நீட்டினான். அந்தப் பிடியில் என் விரல் நசுங்கிவிட்டது.

நவம்பர் 17

கார்த்திகை முதல் தேதி. மாலை போட்டாயிற்று.

இந்த வட்டாரத்துக் குழுவில் இருபத்திரண்டு பேர். எங்கள் தெருமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் நஞ்சப்பன்தான் அவர்களுக்குக் குருசாமி. பெயர் கேட்டார். சொன்னேன். அவருடைய கை மாலையோடு அப்படியே நின்றுவிட்டது.

"இரணியனுங்களா?"

"ஆமா. எங்கப்பன் வெச்சது."

பின்னால் எவனோ சிரித்தான். குருசாமி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அட, மாலை கழுத்துல விழுந்தா யாருக்குமே பேரு கிடையாதுங் சாமி. எல்லாருமே சாமிதான்" என்று போட்டுவிட்டார். துளசிமணி மாலை. கறுப்பு வேட்டி. செருப்பு கிடையாது, சவரம் கிடையாது, கறி மீன் கிடையாது, பீடி கிடையாது. அதிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளியல், ராத்திரி தரையில் பாய். டிசம்பர் 21இல் இருமுடி கட்டிப் புறப்பாடு. மலையிறங்கித் திரும்பும் வரைக்கும் இந்த அவஸ்தை.

நேராக ஆறுக்குட்டி வீட்டுக்குப் போய்க் காட்டினேன். டிஸ்சார்ஜ் ஆகி வந்து நாலு நாள் ஆகிறது. என்னைப் பார்த்ததும் பாதி வாயால் சிரித்தான் பாருங்கள், பளாரென்று ஒரு அறை விடலாம் போலிருந்தது. அவன் மனைவி மயிலாத்தாள் என் காலில் விழ வந்தாள். மாலை போட்டவன் காலில் விழுவது வழக்கமாம். "இந்த வேலையெல்லாம் வெச்சுக்காதேம்மா" என்று கத்திவிட்டேன்.

பிறகு என் பழைய கோணமானியை எடுத்து அவன் தோளில் வைத்தேன். வலது கை எட்டு டிகிரி எழும்பியது.

நவம்பர் 18

பச்சைத் தண்ணீர். பல் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. கை: எட்டு டிகிரி.

நவம்பர் 20

ஊரே சாமி சாமி என்கிறது. பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், பால்காரம்மா, எல்லாரும். பதிலுக்கு நானும் எல்லா மாலைக்காரனையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். எதிர்வீட்டு நாச்சிமுத்து எட்டு வருஷமாகக் குப்பையை என் வாசல் பக்கம் தள்ளுகிறவன். அவனும் மாலை போட்டிருக்கிறான். இன்று காலை விளக்குமாற்றோடு வந்தவனைப் பார்த்து, "சாமி, அந்தக் குப்பை..." என்றேன். அதற்கு மேல் வசவு வரவில்லை. சாமி என்று ஆரம்பித்த வாக்கியத்தை வேறு எப்படி முடிப்பது? அவன் குனிந்து குப்பையை அள்ளிக்கொண்டு போனான்.

இதில் தெய்வம் ஒன்றும் இல்லை. வாய்ப் பழக்கம் குணத்தை மாற்றுகிறது. இதை மன்றத்தில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் என்ன ஆகும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 23

என்ன ஆகுமென்று தெரிந்துவிட்டது.

மன்றத் தலைவர் வக்கீல் செல்வேந்திரன். நான் உள்ளே நுழைந்ததும் அவர் மெதுவாக, "தோழர், அந்த மாலையையாவது துண்டுக்குள்ள விட்டுக்கலாமே?" என்றார்.

"உள்ள விட்டா உறுத்துதுங்க."

"விளையாட்டுப் பேச்சு வேண்டாம். ஒரு பொருள்முதல்வாதி மாலை போடலாமா?"

"துளசிக்கட்டை, செம்புக் கம்பி. இதைவிடப் பொருள் என்ன வேணும்?" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நண்பனுக்காக, சிகிச்சைக்காக, ஒரு ஒப்பந்தம் என்று விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், நாச்சிமுத்து கதையைச் சொன்னபோது மேஜையைத் தட்டினார். "பாருங்க, இதுதான் சறுக்கல். இப்பிடித்தான் ஆரம்பிக்கும். முதல்ல வாய் மாறும், அப்புறம் மூளை."

எனக்குக் காது சிவந்துவிட்டது. நடந்தே வீட்டுக்கு வந்தேன். வெறுங்கால். இந்த ரோட்டில் இருபத்தாறு வருஷமாகப் போய்வருகிறேன். பேக்கரி வாசலில் தார் சூடாகவும் புளியமரத்தடியில் ஈரமாகவும் இருக்கும் என்பது இந்த வாரம்தான் காலுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மாதிரி நன்றாகவும் இருந்தது. இதை எவனாவது ஆன்மிகம் என்று சொன்னால் செருப்பால் அடிப்பேன். செருப்பும் இல்லை.

நவம்பர் 26

கை: பத்தொன்பது டிகிரி. காலைக் கட்டிலிலிருந்து தானாகவே இறக்கினான். வீட்டுக்கே வந்துபோகிற பிசியோதெரபிப் பெண், "அதிசயமா இருக்குதுங் சார்" என்றது. அதிசயமில்லை, பயிற்சி என்று திருத்தினேன்.

நவம்பர் 30

என் மனைவி வசந்தாமணி நாலு மணிக்கே எழுந்து குளித்துவிட்டு எனக்குத் தனியாகச் சமைக்கிறாள். வேண்டாமென்றாலும் கேட்பதில்லை. நான்தான் வீட்டில் சாமி படம் கூடாது என்று கல்யாணமான மறுநாளே சொன்னவன். அவளும் மறுபேச்சுப் பேசாமல் இருந்துவிட்டாள். கொள்கையை ஏற்றுக்கொண்டாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இன்று தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, எங்கம்மா செத்தப்ப மூணு நாளைக்காச்சும் கறி வேண்டாமுன்னு சொன்னேன். மூடநம்பிக்கைன்னு சொல்லி நீங்களே போய் எடுத்துட்டு வந்தீங்க. இப்ப ஆறுக்குட்டியண்ணன் சொன்னதும் நாப்பது நாளு விட்டுப்போட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல். சண்டைக்கு வந்தால் பதில் சொல்லலாம். ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டிசம்பர் 3

குருசாமி வீட்டில் சாயங்காலம் பஜனை. ஆறுக்குட்டிக்காகத் தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்று கடைசி வரிசையில் நின்றேன். கஞ்சிரா நன்றாக வாசித்தார்கள். கை தானாகத் தட்டிவிட்டது. சரண கோஷத்தில் இருபத்திரண்டு பேரும் ஒன்றாக மூச்சு இழுத்து ஒன்றாக விடுகிறார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பத்து நிமிஷமோ அரை மணியோ நான் எங்கே இருக்கிறேன் என்பதே இல்லை. மூட்டு வலி இல்லை. செல்வேந்திரன் இல்லை. ஆறுக்குட்டி செத்துவிடுவானோ என்கிற, நான் யாரிடமும் சொல்லாத அந்தப் பயமும் இல்லை. பாட்டு நின்றபோது கன்னம் ஈரமாக இருந்தது. சாம்பிராணிப் புகை அதிகம்.

குருசாமி பார்த்துவிட்டார். ஓடிவந்து என் தோளைப் பிடித்து, "வந்துட்டானுங்க சாமி! ஐயப்பன் உங்களுக்குள்ள வந்துட்டான்!" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. இந்தப் பக்கம் இவர் ஐயப்பன் என்கிறார். அந்தப் பக்கம் செல்வேந்திரனிடம் சொன்னால் மூளையில் ஏதோ சுரக்கிறது, கூட்ட மயக்கம் என்பார். ஏனய்யா, எனக்கு ஏற்பட்டது எனக்கு ஏற்பட்டது என்று விட மாட்டீர்களா? மூச்சும் தாளமும் சேர்ந்து இதைச் செய்திருக்கும். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் எதனால் ஆனது என்று தெரிந்துவிட்டதாலேயே அது சின்ன விஷயம் ஆகிவிடுமா? பம்பு எப்படி ஓடுகிறது என்று எனக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். அதற்காக வயலில் பாய்கிற தண்ணீர் பொய்யாகிவிடுகிறதா?

இதைக் கேட்க ஆளில்லை. ஆறுக்குட்டியிடம் சொன்னால் ஒரு மாதம் சிரிப்பான்.

டிசம்பர் 6

இன்று என் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கவே பயமாக இருக்கிறது.

வேட்டியை இஸ்திரிக்குக் கொடுக்கப் போனேன். இருமுடி கட்டும் நாளில் தேங்காயில் நெய் நிரப்பும்போது ஒவ்வொருவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி நிரப்புவார்களாம். குருசாமி பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு ரேவதிதானுங்களே சாமி?" என்றார்.

"எனக்கு நட்சத்திரமே கிடையாது. எங்கப்பன் ஜாதகம் எழுதலை."

"அதெப்பிடிங்? அந்த இரணியன் நீங்கதான்னு பேரு சொன்ன அன்னிக்கே தெரிஞ்சுபோச்சுங். பதினேழு வருசமா இரணியன், ரேவதின்னு சொல்லித்தானுங்க நெய் ஊத்தறோம்."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. படுபாவி ஆறுக்குட்டி மலைக்குப் போன ஒவ்வொரு வருஷமும் இரண்டு நெய்த்தேங்காய் கொண்டுபோயிருக்கிறான். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. என் நட்சத்திரம் தெரியாததால் அவனுடைய நட்சத்திரத்தையே எனக்கும் சொல்லியிருக்கிறான். நான் மேடையில் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்த அதே நாட்களில் என் பெயர் வருஷம் தவறாமல் மலையேறி, நெய்யாக அபிஷேகத்தில் கரைந்திருக்கிறது.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். "யாரைக் கேட்டுடா என் பேரைக் கொண்டுட்டுப் போனே? இது அத்துமீறலா இல்லையா?"

நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வாயைக் கோணிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "ரிஜெக்ட்... பண்ணு."

மயிலாத்தாள் அடுப்படியில் நின்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வெளியே காட்டவில்லை.

பதினேழு வருஷமும் எனக்குப் பெரிய நோய் எதுவும் வரவில்லை. தற்செயல். தற்செயல் என்பதை இங்கே அழுத்தி எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து, அந்தப் பதினேழு வருஷத்தில் அவனுக்காக நான் எதைத் தூக்கிக்கொண்டு எங்கே போனேன் என்று யோசித்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மனசு கஷ்டமாகிவிட்டது.

டிசம்பர் 9

கை: நாற்பத்தாறு.

டிசம்பர் 12

சுவரைப் பிடித்து நாலு அடி நடந்தான். நாலாவது அடியில் என் மேல் சாய்ந்துவிட்டான். கனம் தாங்கவில்லை, பழைய தொந்தி அப்படியே இருக்கிறது. "மலைக்கு உன்னையும் தூக்கிட்டுப் போகச் சொல்லாதே" என்றேன். "டோலி... ஏற்பாடு... பண்ணு" என்றான். முழு வாக்கியம்! பிசியோதெரபிப் பெண் கை தட்டியது.

புறப்பட இன்னும் ஒன்பது நாள். திரும்பி வந்து மாலையைக் கழற்றியதும் முதல் வேலையாக ஒரு கட்டு பீடி வாங்க வேண்டும்.

டிசம்பர் 14

ஆறுக்குட்டி இன்று காலை ஐந்து ஐம்பதுக்கு இறந்துவிட்டான். மூளையில் மறுபடியும் அடைப்பு.

டிசம்பர் 14, மாலை

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

அவன் மகன் தினகரன் ஆறரைக்கு போன் செய்தான். ஓடினேன். அவர்கள் தெரு முனையில் நஞ்சப்பன் குருசாமி குறுக்கே வந்து கையை விரித்து நின்றார். "சாமி, மாலையோட எழவு வீட்டுக்குப் போகக் கூடாதுங். நானே இந்த முனையோட நிக்கறேன் பாருங்."

தள்ளிவிட்டுப் போனேன். வாசலில் மயிலாத்தாள். முடி அவிழ்ந்து கிடக்கிறது, குரல் போய்விட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து படிக்கு நேரே நின்றாள்.

"ஏறாதீங்கண்ணா. மாலை இருக்குது. நீங்க மலைக்குப் போனாத்தான் அவருக்குப் பதினெட்டு. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், தள்ளி நில்லுங்க."

அவளுக்குப் பின்னால் கூடத்தில் கட்டில் தெரிந்தது. அவன் கால் இரண்டும் தெரிந்தன. நேற்று முன்தினம் நாலு அடி வைத்த கால்.

குருசாமி பின்னாலேயே வந்துவிட்டார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சமாதானம் சொன்னார். "வருத்தந்தானுங்க சாமி, இல்லேங்கலை. ஆனா நீங்க அவனுக்குப் பங்காளியா? மாமன் மச்சானா? ஊரும் வேற, சாதியும் வேற. உங்களுக்குத் தீட்டு இல்லீங். வீட்டுக்குப் போய் ஒரு குளியல் போட்டுச் சரணம் சொல்லுங், போதும். இருபத்தொண்ணாம் தேதி நம்மகூட வரலாம்."

தீட்டு இல்லை. இந்த இரண்டு சொல்லுக்காக என் வாழ்நாளில் எத்தனை கூட்டம் போட்டிருக்கிறேன்! தீட்டு என்பது பித்தலாட்டம் என்று நானே துண்டுப் பிரசுரம் எழுதி அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது ஒரு குருசாமியே என் முகத்தைப் பார்த்து உனக்குத் தீட்டு இல்லை என்கிறார்.

"இல்லேன்னு யார் சொன்னது?" என்று கத்தினேன். தெருவே திரும்பியது. "இருக்குது. எனக்குத் தீட்டு இருக்குது. முப்பத்தொரு வருசம் ஒரே சோத்துல கை வெச்சிருக்கேன். நான் அவனுக்கு ஒண்ணுமில்லியா? எவனோ ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா பொங்கலுக்கு வர்ற பங்காளிக்கு இருக்கற தீட்டு எனக்கு இல்லியா?"

குருசாமி கோபப்படவில்லை.

"இருக்குதுன்னா மாலையைக் கழட்டோணுங். ஒரு வருசத்துக்கு மலை கிடையாது. அவன் கேட்ட பதினெட்டும் அதோட போச்சு. இல்லேன்னா இப்பவே என்கூட வரோணும், உள்ள போகக் கூடாது. ரெண்டுல ஒண்ணுதானுங்க. யோசிச்சுச் சொல்லுங்."

யோசித்தேன். மாலையோடு உள்ளே போயிருக்கலாம். எனக்கு எதுவும் ஆகாது, அது எனக்கு நிச்சயம். ஆனால் அந்த அம்மாள் படியில் நிற்கிறாள். இருபத்திரண்டு பேர் இருபத்தெட்டு நாள் காத்த விரதத்தில் நான் மண்ணை அள்ளிப் போட முடியாது. சரி, கொடுத்த வாக்கைக் காப்பாற்றி மலைக்குப் போகலாம். அவன் ஆசை நிறைவேறும். எங்கே நிறைவேறும்? யாருக்கு? எனக்குத் தெரிந்த ஆறுக்குட்டி முழுசாக அந்தக் கட்டிலில்தான் கிடந்தான். பத்தடி தூரத்தில். தொந்தி, கோணல் வாய், நாற்பத்தாறு டிகிரி தூக்கிய கை எல்லாம் அங்கே இருந்தது. இன்று சாயங்காலத்தோடு அதுவும் இல்லை. மலையில் அவன் ஒரு துளிகூட இல்லை. அங்கே போவதற்கு நான் அவனுக்கு யாரும் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டுமாம்.

"கழட்டுங்க" என்றேன்.

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கழற்றித் தன் துண்டில் சுற்றிக்கொண்டார். பிறகு, "நல்லபடியா அனுப்பி வைங்க" என்றார். சாமி என்று சொல்லவில்லை.

மயிலாத்தாள் என் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். "என்னண்ணா இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க? பதினெட்டு போச்சேண்ணா!" அடி வாங்கிக்கொண்டு நின்றேன். அடித்து ஓய்ந்த பிறகு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

குளிப்பாட்டும்போது பங்காளிகள் வரிசையாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தினகரன் மூன்றாவது சொம்பை என்னிடம் கொடுத்தான். ஒரு கிழவர் முறைத்தார். நான் ஊற்றினேன். வலது கையை நானே துடைத்தேன். ஓவென்று அழுதேன். புகையெல்லாம் ஒன்றும் இல்லை.

பதிவுக்காக எழுதுகிறேன்: கடவுள் இல்லை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

டிசம்பர் 17

செல்வேந்திரன் போன். "தோழர், துக்கமான செய்தி. ஆனா ஒண்ணு, மாலையைக் கழட்டிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். தெளிஞ்சீங்களே, சந்தோஷம்!"

"தெளியலைங்க. தீட்டுன்னு கழட்டினேன்."

உடனே, ஜனவரிக் கூட்டத்தில் பொருள்முதல்வாதம் பற்றி வேறு யாராவது பேசட்டும் என்றார். பேசட்டும்.

டிசம்பர் 22

நேற்று குழு புறப்பட்டுப் போய்விட்டது. நாச்சிமுத்து கிளம்பும்போது என் வாசலைப் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறான். எதற்கு இந்த வேலை என்று தெரியவில்லை, எரிச்சலாக வந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மீன்காரர் வண்டியை எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்தார். "என்னங்க சாமி, மாலையைத்தான் கழட்டியாச்சே! மத்தி நல்லா வந்திருக்குது, ஒரு கிலோ போடட்டுங்களா?"

"வேண்டாம். பதினாறு கழியட்டும்."

"அடடா. வீட்டுல துக்கமுங்களா? யாருங்க?"

"எங்கண்ணன்" என்றேன்.

வசந்தாமணி பாத்திரத்தோடு பக்கத்தில்தான் நின்றாள். திருத்தவில்லை.